மட்டி இளவுயிரியின் தசையும் ஆற்றுநீரின் தரமும்

ஆலைக் கழிவுநீர் ஆற்றில் விடத்தக்கதா என்பதை அறிய நம் நாட்டில் விதிக்கப்பட்டுள்ள சோதனைகளுள் ஒன்று மிக எளியது. வேறு நீர் கலவாத கழிவுநீரில் மீன்களை விட்டு 96 மணி நேரம் வைத்திருக்க வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூறு மீன்கள் உயிரோடிருந்தால் அந்நீர் தேர்ச்சி பெறும். 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் கீழ் வகுக்கப்பட்ட பொதுத் தரங்களில் இச்சோதனை இடம்பெற்றுள்ளது. மீன் பிழைத்ததா, மாண்டதா என்ற வினாவுக்கு அது தெளிவான விடை தருகிறது. ஆயின் பிழைத்த உயிர் தன் வாழ்க்கைக்கு வேண்டிய வேலையைச் செய்யவல்லதாக இருக்கிறதா என்ற வினாவை அது எழுப்புவதில்லை.

இவ்விரு வினாக்களுக்கும் இடையேயுள்ள தொலைவு பெரிது. இதனை விளக்கிக் காட்டும் உயிரினங்களுள் நன்னீர் மட்டியின் இளவுயிரி குறிப்பிடத்தக்கது. கண்ணுக்குப் புள்ளியாகக்கூடச் சரியாகத் தெரியாத இவ்வுயிரிக்கு வாழ்நாளில் செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்றுதான்: தக்க நேரத்தில் தன் ஓட்டை மூட வேண்டும். அதற்கென அதனிடம் இருப்பதும் ஒரே ஒரு தசை. அத்தசையின் இயக்கத்தை மருந்துப் பொருள்களும் பூச்சிக்கொல்லிகளும் மாற்றிவிட முடியும் என்பது அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆராயப்பட்டு வரும் செய்தி. நீர்வளம், மீன்வளம், தொழில் வளர்ச்சி ஆகிய மூன்றையும் ஒருசேரக் கருதுவோருக்கு இந்த ஆய்வுகள் பயனுள்ள பாடம் ஒன்றை வழங்குகின்றன.

மீனை நம்பிய பிறப்பு

ஆறு, ஏரி, குளங்களின் அடிச்சேற்றில் பாதி புதைந்து வாழும் மட்டிகள் நீரை உள்ளிழுத்து, அதிலுள்ள நுண்பொருள்களை உணவாகக் கொண்டு, எஞ்சிய நீரை வெளிவிடுகின்றன. வளர்ந்த மட்டி ஒன்று இவ்வாறு ஒரே நாளில் பல லிட்டர் நீரை வடிகட்டுகிறது. மட்டிகள் நிறைந்த நீர்நிலை தெளிந்திருப்பதற்கு இது ஒரு காரணம்.

நன்னீர் மட்டிகளின் பெரும்பிரிவில் இனப்பெருக்கம் விந்தையான முறையில் நடைபெறுகிறது. தாய் மட்டி தன் செவுள்களுக்குள்ளேயே முட்டைகளை அடைகாக்கிறது. அங்கு உருவாகும் இளவுயிரிக்குக் குளோக்கிடியம் என்று பெயர். இனத்துக்கேற்ப இதன் அளவு ஏறத்தாழ 0.05 முதல் 0.45 மில்லிமீட்டர் வரை இருக்கும். ஒரு தாய் மட்டி பல்லாயிரம் முதல் பல இலட்சம் வரை இளவுயிரிகளை நீரில் விடுகிறது.

வெளிவந்த இளவுயிரி நீந்த இயலாதது; தானாக உணவு தேடவும் வல்லதன்று. இரண்டு ஓடுகளையும் விரியத் திறந்தவாறு நீரில் மிதந்தோ அடியில் கிடந்தோ காத்திருக்கிறது. மீனின் செவுளோ துடுப்போ அதன்மீது படும் கணத்தில் மூடுதசை சுருங்கி, ஓடுகள் மீனின் தோல் திசுவைக் கவ்விக்கொள்கின்றன. அனோடான்டா போன்ற இனங்களில் ஓட்டின் நுனியில் கொக்கிகளும் உண்டு. சில மணி நேரத்தில் மீனின் தோல் வளர்ந்து இளவுயிரியை மூடிவிடுகிறது. அவ்வறைக்குள் வாரக்கணக்கில் தங்கி உருமாறிய பின்னரே அது சிறிய மட்டியாகக் கீழே விழுந்து சேற்றில் வாழத் தொடங்குகிறது.

மீன் கிட்டாத இளவுயிரி சில மணி நேரத்திலோ சில நாள்களிலோ மடிந்துவிடும். மீன் வருமுன் காரணமின்றி மூடிக்கொண்ட இளவுயிரியின் கதியும் ஏறக்குறைய அதுவே. மூடிய ஓடு மீண்டும் திறவாமற் போகலாம். திறந்தாலும் தாயிடமிருந்து பெற்ற ஆற்றலின் ஒரு பங்கு வீணாகிவிடுகிறது. மீன் வந்தபோது மூட இயலாமற்போனாலும் விளைவு ஒன்றே. எனவே இவ்வுயிரியைப் பொறுத்தவரை தசையின் பிழைக்கும் சாவுக்கும் நடைமுறையில் வேறுபாடு இல்லை.

அறிதற்கு ஆன காலம்

இவ்வுறவை அறிய அறிவியலுக்கு நெடுங்காலம் ஆயிற்று. நுண்ணோக்கி ஆய்வின் முன்னோடியான ஆலந்து நாட்டு லேவன்ஹூக் 1695ஆம் ஆண்டளவில் மட்டியின் செவுளில் இச்சிற்றுயிர்களைக் கண்டு, அவை மட்டியின் குஞ்சுகளே என்று சரியாகக் கருதினார். ஆனால் 1797இல் ராத்கே என்பவர் அவற்றை மட்டியைப் பற்றி வாழும் ஒட்டுண்ணிகள் என்று கொண்டு, குளோக்கிடியம் என்ற பெயரைச் சூட்டினார். பெயர் நிலைத்தது, கருத்து நிலைக்கவில்லை. அவை மட்டியின் இளவுயிரிகளே என்பது 1832இல் காருஸ் என்பவரின் ஆய்வால் உறுதிப்பட்டது. அவை மீனின் உடலில் ஒட்டி வளர்வதை 1866இல் லெய்டிக் கண்டறிந்தார்.

இந்த அறிவு பொருளாதாரத் தேவையாக மாறியது அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றங்கரையில். ஜெர்மனியிலிருந்து குடியேறிய போப்பிள் என்னும் பொத்தான் தொழிலாளர் 1891இல் அயோவா மாநிலத்து மஸ்கட்டீன் நகரில் மட்டி ஓட்டிலிருந்து பொத்தான் செய்யும் தொழிலைத் தொடங்கினார். அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் அந்நகரம் உலகின் முத்துப்பொத்தான் தலைநகர் என்று பெயர் பெற்றது. ஆற்றில் மட்டி வளம் விரைந்து குறைந்தது. மட்டியை மீட்க வேண்டுமானால் மீனின் துணை வேண்டும் என்பதை உணர்ந்த அந்நாட்டு அரசு 1908இல் ஃபேர்போர்ட் என்னுமிடத்தில் உயிரியல் நிலையம் ஒன்றை நிறுவ வகைசெய்தது. இலெஃபீவர், கர்ட்டிஸ் என்னும் இருவர் 1912இல் வெளியிட்ட விரிவான ஆய்வில், மீன்களின்மீது இளவுயிரிகளைச் செயற்கையாக ஒட்டச் செய்யும் முறை விளக்கப்பட்டது. உப்புக் கரைசல் பட்டால் இளவுயிரி ஓட்டை மூடிக்கொள்ளும் என்பதும் அக்காலத்திலேயே அறியப்பட்டது. பிற்காலத்தில் இச்செய்தியே நீரின் தரத்தை அளக்கும் கருவியாயிற்று.

தசையை இயக்கும் வேதிப்பொருள்கள்

மட்டியின் ஓடுகள் இயல்பாகத் திறந்தே இருக்கும். கீலில் உள்ள மீள்தன்மை வாய்ந்த நார் அவற்றைத் திறந்த நிலையில் வைத்திருக்கிறது. மூடுவதே தசையின் வேலை. வளர்ந்த மட்டிக்கு மூடுதசைகள் இரண்டு, இளவுயிரிக்கு ஒன்று. வளர்ந்த மட்டியின் மூடுதசைக்கு ஒரு தனித்திறம் உண்டு. ஒருமுறை சுருங்கிய பின் மிகக் குறைந்த ஆற்றலைச் செலவிட்டு, பல மணி நேரம் அதே இறுக்கத்தோடு இருக்க அதனால் முடியும். கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டே நிற்பதற்கும் தாழ்ப்பாள் இட்டுவிடுவதற்கும் உள்ள வேறுபாட்டை இதற்கு ஒப்பாகக் கூறலாம்.

இத்தாழைப் போடுவதும் நீக்குவதும் நரம்புகள் சுரக்கும் வேதிப்பொருள்களே. அமெரிக்க ஆய்வாளர் பெட்டி ட்வாரோக் கடல் மட்டியின் தசையில் நடத்தி 1954இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவுபடுத்தியது. அசிட்டைல்கோலின் என்னும் பொருள் தசையைச் சுருங்கச் செய்கிறது. செரோட்டோனின் என்னும் பொருள் அவ்விறுக்கத்தைத் தளர்த்துகிறது. பாலூட்டிகளின் மூளையில் செரோட்டோனின் இருப்பதை 1953இல் பேஜ் என்பவருடன் சேர்ந்து அறிவித்தவரும் இவரே.

இக்கண்டுபிடிப்பின் பொருள் ஆழமானது. மனிதனின் நரம்பு மண்டலத்தில் பணிபுரியும் அதே வேதிப்பொருள்கள் ஆற்றுச் சேற்றில் கிடக்கும் மட்டியின் தசையையும் ஆளுகின்றன. மனித நரம்பைக் குறிவைத்துச் செய்த மருந்து மட்டியின் தசையையும் தொடக்கூடும். பூச்சியின் நரம்பைக் குறிவைத்துச் செய்த நஞ்சுக்கும் இது பொருந்தும். உழவர் பேச்சில் பூச்சிக்கொல்லியும் ‘மருந்து’ என்றே வழங்குகிறது. மட்டியின் தசையைப் பொறுத்தவரை அவ்வழக்கு தவறானதன்று. இரண்டும் அதே நரம்பு வழியில்தான் வந்து சேர்கின்றன.

பாலட்டோன் ஏரிக்கரை ஆய்வுகள்

இளவுயிரியின் தசையை முறையாக ஆராய்ந்த பெருமை ஹங்கேரி நாட்டைச் சேரும். பாலட்டோன் ஏரிக்கரையில் திஹானி என்னுமிடத்தில் 1927இல் நிறுவப்பட்ட உயிரியல் ஆய்வு நிலையத்தில் லாபோஷ், ஷாலாங்கி, ரோஜா ஆகியோர் 1960களின் தொடக்கத்தில் இப்பணியை மேற்கொண்டனர். அவர்கள் தேர்ந்தது அன்ன மட்டி எனப்படும் அனோடான்டா இனத்தின் இளவுயிரி.

இளவுயிரிகளைச் சிறு கண்ணாடிக் கலத்தில் இட்டு, நீரில் ஒரு வேதிப்பொருளைக் குறிப்பிட்ட செறிவில் சேர்த்து, குறிப்பிட்ட நேரத்துக்குள் ஓடுகள் எத்தனை முறை மூடித் திறக்கின்றன என்று நுண்ணோக்கியின் கீழ் எண்ணுவதே அவர்கள் கைக்கொண்ட வழி. செரோட்டோனினுக்கு நெருங்கிய உறவுடைய ட்ரிப்டமைன் என்னும் பொருள், அசையாதிருக்கும் இளவுயிரியையும் தாளம் தவறாமல் மூடித் திறக்கச் செய்தது. அவ்வாறு எழுந்த தாளத்தை வேறு மருந்துகள் எவ்வாறு மாற்றுகின்றன என்று காண்பது அடுத்த படி. தாளத்தை விரைவாக்கும் பொருள், தளர்த்தும் பொருள், முற்றிலும் நிறுத்தும் பொருள் என்று வகைப்படுத்த இது வழிவகுத்தது.

இவ்வாய்வு முதலில் மருந்தியல் நோக்குடையதாகவே இருந்தது. விலங்கின் நரம்பையும் தசையையும் பிரித்தெடுத்து, விலை மிக்க கருவிகளில் பொருத்தி அறிய வேண்டியவற்றை இங்கு முழு உயிரி ஒன்றிலேயே காண முடிந்தது. ஒரே தாய் மட்டியிடமிருந்து ஆயிரக்கணக்கான இளவுயிரிகள் கிடைப்பதால் மாதிரிப் பஞ்சமும் இல்லை. 1970களில் அதே நிலையத்தில் இம்முறை பூச்சிக்கொல்லிகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. வேளாண் நிலங்களிலிருந்தும் கொசு ஒழிப்புப் பணியிலிருந்தும் ஏரியில் வந்து சேரும் நஞ்சுகள் இளவுயிரியின் தசைத் தாளத்தை எவ்வாறு பாதிக்கின்றன என்று வராங்கா முதலியோர் ஆராய்ந்தனர். இவ்வாறு மருந்தின் ஆற்றலை அளக்கக் கண்ட முறை நீரின் தூய்மையை அளக்கும் முறையாக உருமாறியது.

நஞ்சு செயற்படும் வழிகள்

கரிமப் பாஸ்பரஸ் வகையும் கார்பமேட் வகையும் உலகெங்கும் மிகுதியாகப் பயன்பட்ட பூச்சிக்கொல்லிகள். மாலத்தியான் இவற்றுள் நாம் நன்கு அறிந்தது. நரம்பிலிருந்து சுரக்கும் அசிட்டைல்கோலின் தன் வேலை முடிந்ததும் சிதைக்கப்பட வேண்டும். அதனைச் சிதைக்கும் நொதியை இவ்வகை நஞ்சுகள் முடக்குகின்றன. அதனால் ‘சுருங்கு’ என்ற கட்டளை ஓய்வின்றித் தொடர்கிறது. பூச்சி துடித்து மடிவதும் இதனாலேயே. மட்டியின் தசையிலும் இந்நொதி உண்டு. அங்கும் அது முடங்கக்கூடும்.

1990 ஆகஸ்டில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து ஓடை ஒன்றில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. ஏறத்தாழ ஆயிரம் மட்டிகள் மடிந்தோ மடியும் தறுவாயிலோ காணப்பட்டன. அவற்றுள் நூற்றுக்கும் மேற்பட்டவை அழிவின் விளிம்பில் உள்ள இனத்தைச் சேர்ந்தவை. நீரும் சேறும் மட்டியின் உடலும் வேதியியல் பகுப்பாய்வுக்கு உட்படுத்தப்பட்டன. காரணம் என்று சுட்டத்தக்க அளவில் எந்த நஞ்சும் அகப்படவில்லை. வந்த நஞ்சு நீரோடு போய்விட்டது. ஆனால் மட்டிகளின் மூடுதசையை ஆராய்ந்தபோது உண்மை வெளிப்பட்டது. ஓடையின் மேற்பகுதியில் வாழ்ந்த மட்டிகளோடு ஒப்பிட, பாதிக்கப்பட்ட இடத்து மட்டிகளின் தசையில் அந்நொதியின் செயல் 73 விழுக்காடும், அதற்குக் கீழ்ப்பகுதியில் 65 விழுக்காடும் குறைந்திருந்தது. நன்னீர் மட்டிகளின் பெருஞ்சாவுக்கும் இவ்வகை நஞ்சுக்கும் உள்ள தொடர்பு ஆவணமாகப் பதிவானது அதுவே முதன்முறை. நீர் மறந்துவிட்டதைத் தசை நினைவில் வைத்திருந்தது எனலாம்.

மற்றொரு வழி செரோட்டோனினைச் சார்ந்தது. மனச்சோர்வுக்கு மனிதர் உட்கொள்ளும் ஃபுளுவாக்செட்டின், சிட்டலோப்ராம் போன்ற மருந்துகள், நரம்பு முனைகளில் செரோட்டோனின் நீடித்து நிற்குமாறு செய்பவை. மட்டிகளில் செரோட்டோனின் தசையை மட்டுமன்றி இனப்பெருக்கத்தையும் ஆளுகிறது. இவ்வகை மருந்துகள் குறைந்த செறிவிலேயே வரிக்குதிரை மட்டியைப் பருவம் தப்பிக் கருவணுக்களை வெளியிடச் செய்ததை அமெரிக்க ஆய்வாளர் ஃபாங் 1998இல் வெளிப்படுத்தினார். 2010இல் வெளியான மற்றோர் ஆய்வில், ஃபுளுவாக்செட்டின் கலந்த நீரில் வைக்கப்பட்ட நன்னீர் மட்டிகள், உயிர்தரிக்க இயலாத இளவுயிரிகளை வெளியேற்றியது தெரியவந்தது. பின்னதில் பயன்படுத்தப்பட்ட செறிவு, ஆறுகளில் பொதுவாகக் காணப்படுவதைவிடப் பன்மடங்கு மிகுதி என்பதையும் சேர்த்தே கூற வேண்டும்.

இந்நிகழ்வுகளில் தாய் மட்டி சாகவில்லை என்பது கருதத்தக்கது. சாவை மட்டும் கணக்கிடும் சோதனையில் அம்மட்டி ‘பிழைத்தது’ என்றே பதிவாகும். அதன் ஒரு பருவத்துச் சந்ததி முழுவதும் வீணானது எந்தப் பட்டியலிலும் ஏறாது.

எண்ணி அறியும் முறை

இளவுயிரியைக் கொண்டு நீரைச் சோதிக்கும் முறை இன்று நன்கு வரையறுக்கப்பட்டுள்ளது. அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு ஒன்று 2006ஆம் ஆண்டளவில் இதற்கென வழிகாட்டு நெறியை வெளியிட்டது. செய்முறை பின்வருமாறு அமையும்.

அடைகாக்கும் தாய் மட்டியின் ஓட்டைச் சிறிதே திறந்து, ஊசிக்குழல் கொண்டு செவுளில் நீரைப் பீய்ச்சி, இளவுயிரிகளை வெளிக்கொணர வேண்டும். அவற்றைச் சோதிக்கப்படும் நீரிலும், ஒப்பீட்டுக்காகத் தூயநீரிலும் தனித்தனியே இட்டு, 24 மணி நேரம் வரை வைத்திருக்க வேண்டும். பின்னர் ஒவ்வொரு கலத்திலிருந்தும் ஒரு தொகுதியை எடுத்து, எத்தனை மூடியிருக்கின்றன என்று எண்ண வேண்டும். அதன்பின் உப்புக் கரைசலைச் சேர்த்து மீண்டும் எண்ண வேண்டும். உப்புப் பட்டதும் மூடிக்கொண்டவையே செயல்திறன் உள்ளவை. முன்பே மூடியிருந்தவையும், உப்புப் பட்டும் மூடாதவையும் மீனைப் பற்றும் வாய்ப்பை இழந்தவை.

கணக்கு எளிது. எடுத்துக்காட்டாக, 100 இளவுயிரிகளில் முதலில் 8 மூடியிருந்து, உப்புச் சேர்த்த பின் 96 மூடியிருப்பின், செயல்திறன் உள்ளவை 88. சோதனை நீரில் முதலிலேயே 40 மூடியிருந்து, உப்புச் சேர்த்த பின் மொத்தம் 70 மட்டுமே மூடியிருப்பின், செயல்திறன் உள்ளவை 30. இரண்டாவது கலத்தில் மீன்கள் 96 மணி நேரம் பிழைத்திருக்கவும் கூடும். ஆயினும் அந்நீரில் விடப்படும் ஒவ்வொரு பத்து இளவுயிரிகளிலும் ஏழு பயனற்றுப் போகும்.

இதற்கு வேண்டிய பொருள்கள் ஊசிக்குழல், கண்ணாடிக் கலம், சமையலறையில் உள்ளதைவிடத் தூய உப்பு, குறைந்த பெருக்கத்திறன் கொண்ட நுண்ணோக்கி ஆகியவையே. விலங்கியல் துறை உள்ள எந்தக் கல்லூரியிலும் இவை உண்டு. நீரில் நுண்ணளவில் உள்ள மருந்துப் பொருள்களை இனங்காணும் கருவிகளோ பெருஞ்செலவு பிடிப்பவை. பயிற்சி பெற்ற வல்லுநர்களின்றி இயங்காதவை.

இத்தகைய சான்றுகள் சட்டத்தின் போக்கையே மாற்றியுள்ளன. நன்னீரில் அம்மோனியா எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1999இல் வகுத்த வரம்பு 2013இல் மேலும் கடுமையாக்கப்பட்டது. மட்டிகள் மீன்களைவிட அம்மோனியாவால் எளிதில் பாதிக்கப்படுகின்றன என்று சோதனைகள் காட்டியதே அதற்கு முதன்மையான காரணம்.

இந்திய நிலை

இந்தியாவின் ஆறுகளிலும் குளங்களிலும் லேமெல்லிடன்ஸ் மார்ஜினாலிஸ், லேமெல்லிடன்ஸ் கோரியானஸ், பரேசியா கொருகேட்டா ஆகிய மட்டி இனங்கள் பரவலாக வாழ்கின்றன. இவற்றின் ஓடு சுண்ணாம்புக்கும், சதை கோழி, வாத்து முதலியவற்றின் தீவனத்துக்கும் பயன்படுகின்றன. கிழக்கு, வடகிழக்கு மாநிலங்களில் எளிய மக்கள் சிலருக்கு இவை உணவாகவும் உள்ளன. ஒடிசாவின் தலைநகர் புவனேசுவரத்தை அடுத்த கௌசல்யகங்காவில் உள்ள மத்திய நன்னீர் உயிரின வளர்ப்பு ஆய்வு நிறுவனம் 1987இல் நன்னீர் முத்து வளர்ப்பு ஆய்வைத் தொடங்கியது. மேற்கூறிய மூன்று இனங்களே அதற்கு அடிப்படை. அதன் பயனாக முத்து வளர்ப்பு இன்று பல மாநிலங்களில் ஊரகத் தொழிலாகப் பரவியுள்ளது. முத்து வளர்ப்போர் பலரும் இயற்கை நீர்நிலைகளிலிருந்து மட்டிகளைச் சேகரித்தே தொழில் செய்கின்றனர். நீர்நிலையில் இளவுயிரி மீனைப் பற்றாவிடில் அவர்களுக்கு மூலப்பொருள் இல்லை.

மறுபுறம், இந்தியா உலகுக்கு மருந்து வழங்கும் நாடுகளுள் முன்னணியில் உள்ளது. குறைந்த விலையில் மருந்து கிடைக்கச் செய்த இத்தொழிலின் அருமை மறுக்க இயலாதது. அதன் கழிவின் தன்மையும் அறியப்பட வேண்டும். ஐதராபாத்தை அடுத்த பட்டான்செருவில் ஏறத்தாழ 90 மருந்து ஆலைகளின் கழிவைப் பெற்றுவந்த கூட்டுச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறிய நீரை ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் லார்சன் குழுவினர் ஆராய்ந்து, முடிவுகளை 2007இல் வெளியிட்டனர். சிப்ரோஃபிளாக்சசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை காணப்பட்டது உலகின் கவனத்தை ஈர்த்தது. அதே பட்டியலில் அதிகம் பேசப்படாத பெயரும் ஒன்று உண்டு. செரோட்டோனினைச் சார்ந்து செயற்படும் சிட்டலோப்ராம் லிட்டருக்கு 0.77 முதல் 0.84 மில்லிகிராம் வரை அந்நீரில் இருந்தது.

இவ்வெண்ணின் அளவை ஒரு சிறு கணக்கு உணர்த்தும். அந்நிலையத்திலிருந்து அப்போது நாளொன்றுக்கு ஏறத்தாழ 15 இலட்சம் லிட்டர் நீர் வெளியேறியது. லிட்டருக்கு 0.8 மில்லிகிராம் என்று கொண்டால், ஒரு நாளில் வெளியேறிய சிட்டலோப்ராம் 1.2 கிலோ. அது 20 மில்லிகிராம் மாத்திரைகளில் 60,000 மாத்திரைகளுக்கு ஈடு. பிற நாடுகளில் ஆய்வுக்கூடச் செறிவுக்கும் ஆற்றுச் செறிவுக்கும் இடையே உள்ள பெரிய இடைவெளி, ஆலைக் கழிவு வெளியேறும் இத்தகைய இடங்களில் மிகவும் சுருங்கிவிடுகிறது. இது அக்காலத்து நிலை; இன்றும் அவ்வாறே என்று கொள்ளலாகாது. ஆயினும் மருந்து ஆலைகள் செறிந்த பகுதிகளின் நீரை, தசையையும் நரம்பையும் மனத்திற்கொண்டு சோதிக்க வேண்டிய தேவையை அது உணர்த்திற்று.

கணக்கில் வாராத செலவு

ஓர் ஆலை தன் கழிவைத் தூய்மை செய்யாமல் வெளியேற்றும்போது அதற்கு மிச்சமாகும் பணம் உண்மையில் மிச்சமாவதில்லை. வேறொருவர் தலையில் செலவாக ஏறுகிறது. இதனைப் பொருளியலார் சமுதாயச் செலவு என்பர். மீன்கள் செத்து மிதந்தால் அச்செலவு ஊருக்குத் தெரியும், இழப்பீடு கேட்கப்படும். இளவுயிரியின் தசை தாளம் தவறினால் எவர் கண்ணுக்கும் தெரியாது.

மட்டியின் நீண்ட ஆயுள் இம்மறைவை மேலும் நீட்டிக்கிறது. ஐரோப்பிய ஆறுகளில் வாழும் முத்து மட்டி நூறாண்டுக்கு மேலும் உயிர்வாழக்கூடியது. அவ்வாறுகள் பலவற்றில் இன்று முதிய மட்டிகளே எஞ்சியுள்ளன, இளையவை காண்பதற்கில்லை. எண்ணிப் பார்ப்பவருக்கு ஆறு நிறைய மட்டி இருப்பதாகவே தோன்றும். ஆனால் அது குழந்தைகள் பிறவாத ஊர் போன்றது. முதியோர் மறையும் நாளில்தான் இழப்பு வெளிப்படும். அந்நாளில் மீட்க விதை மட்டியும் இராது. நம் நாட்டு மட்டி இனங்களின் ஆயுள் அவ்வளவு நெடிதன்றாயினும், இழப்பு காலந்தாழ்ந்தே புலப்படும் என்ற உண்மை அவற்றுக்கும் பொருந்தும்.

வரம்புகளும் வழிகளும்

இச்சோதனையின் வரம்புகளையும் மறத்தலாகாது. இளவுயிரி மூடிக்கொண்டால் நீரில் தீங்கு உண்டு என்று தெரியும். இன்ன பொருளால் என்று தெரியாது. நீரின் உப்புத்தன்மை மிகுந்தாலும் அது மூடிக்கொள்ளும். வெப்பநிலை கூடினால் அதன் ஆயுள் குறையும். இனத்துக்கு இனம் தாங்குதிறன் மாறுபடும். இளவுயிரிகள் ஆண்டு முழுவதும் கிடைப்பதில்லை. அடைகாக்கும் பருவத்தை அறிந்தே சோதனை நடத்த வேண்டும். ஆகவே இது வேதியியல் பகுப்பாய்வுக்கு மாற்று ஆகாது. எங்கு, எப்போது அப்பகுப்பாய்வு தேவை என்று சுட்டும் முன்னறிவிப்பு ஆகும். செலவு மிக்க கருவியை எல்லா ஆறுகளிலும் வைக்க இயலாத நாட்டில், அதனை எங்கு முதலில் கொண்டுசெல்வது என்று சொல்லும் எளிய சோதனைக்கு மதிப்பு மிகுதி.

இத்துறையில் செய்யத்தக்கவை சில உண்டு. நம் மட்டி இனங்கள் ஒவ்வொன்றின் அடைகாக்கும் பருவத்தையும், அவை பற்றும் மீன் இனங்களையும் மாநிலவாரியாகத் தொகுத்தல் முதற்பணி. ஆற்றங்கரைக் கல்லூரிகளின் விலங்கியல் துறைகள் இதனை மாணவர் பயிற்சியாகவே மேற்கொள்ளலாம். மருந்து ஆலைகளும் பூச்சிக்கொல்லி ஆலைகளும் செறிந்த பகுதிகளில், கழிவுநீர் சேருமிடத்துக்கு மேலும் கீழும் நீர் எடுத்து, மீன் சோதனையோடு இளவுயிரிச் சோதனையையும் ஒப்பிட்டுப் பார்த்தல் அடுத்த பணி. 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த வாரியங்களுக்கு இத்தகைய ஒப்பீட்டு முடிவுகள் கிட்டுமாயின், சாவை மட்டும் அளக்கும் தரத்தோடு செயல்திறனை அளக்கும் தரத்தையும் சேர்க்கலாமா என்று ஆய்ந்து முடிவெடுக்க இயலும்.

ஆற்றில் மீன் துள்ளுவதைக் கண்டு நீர் நலமாக உள்ளதென்று மகிழ்வது இயல்பு. அம்மீனின் செவுளில் இளமட்டி ஒட்டியிருக்கிறதா என்றும் பார்த்தால் அம்மகிழ்ச்சிக்கு உறுதி கிட்டும். அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த உயிர் ஒன்று உரிய நேரத்தில் ஓட்டை மூடியது என்பதற்கு அதுவே அடையாளம். அதனைத் தடுக்கும் அளவுக்கு எதுவும் அந்நீரில் கலந்திருக்கவில்லை என்பதற்கு அது சான்றும் ஆகும்.